சம்பூரில் ஒரு சீதன வளவு

திருகோணமலையின் கொட்டியாரக் குடாக் கரையில் முஸ்லிம்கள் நிறைந்த மூதூர். அதற்கு வடகிழக்கே இந்துத் தமிழர்கள் வாழும் சம்பூர். அங்கே ஒரு முற்றத்தில் தேநீர் தந்த மூதாட்டி சொன்னார்: "இது எனக்குச் சீதனமாக வந்த வளவு, மௌலவி. மகளுக்குத்தான் கொடுப்பேன்." உடன் வந்த மூதூர்ச் சகோதரர் சிரித்தார்: "எங்கட வழக்கமும் அதுதான்."

ஆம், சகோதரிகளே! கிழக்கிலங்கையில் இரு சமூகத்தாரிடமும் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை மனைவி வீட்டில் குடியேறுகிறார். நம் காயல்பட்டினத்திலும் அப்படியே. வணக்கம் வேறு, குடும்ப வழக்கம் ஒன்று. மார்க்கத்துக்கு முரணாகாத ஊர் வழக்கத்தை ‘உர்ஃப்’ என ஃபிக்ஹு சட்டம் ஏற்கிறது. ஆனால், ‘வீடு தராவிட்டால் நிக்காஹ் இல்லை’ என்று பெண்ணின் தந்தையை நெருக்குவது மார்க்கமாகாது. மஹர் கொடுக்க வேண்டியவர் மணமகனே!

2006-இல் போர் இரு ஊராரையும் விரட்டியது. மூதூர் மக்கள் விரைவில் திரும்பினர். சம்பூர் மக்களுக்கு 2015 முதல்தான் நிலம் மீண்டது. "வந்து பார்த்தால் வீடில்லை. கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தேன்" என்றார் மூதாட்டி. மூதூர்ச் சகோதரர் தலைகுனிந்து நின்றார். வீடிழந்த துயரம் அவரும் அறிந்ததுதானே!

அந்த வளவில் மகளுக்கு வீடு எழ வேண்டுமென்று துஆச் செய்து விடைபெற்றோம்.