பீப்பாயில் விழுந்த காசு

ஹிரோஷிமா ரயில் நிலையத்தில் இறங்கியபோது நான் போட்டிருந்தது மஞ்சள் டி-ஷர்ட். நெஞ்சில் சிங்கம், முதுகில் நம்பர் 7. சென்னைக்காரன் வெளிநாடு போனால் வேறு என்னத்தைப் போட்டுக்கொள்வான்? அதுதான் வினையாகப் போயிற்று.

தப்பு என்னுடையதில்லை, என் மச்சினனுடையது. ஒஸாகாவில் சாஃப்ட்வேர் உத்தியோகம். "மாமா, ஜப்பானுக்கு வந்துட்டு பேஸ்பால் பார்க்காம போறது, மதுரைக்குப் போயிட்டு மீனாட்சியம்மனைப் பார்க்காம திரும்பற மாதிரி" என்று சொல்லி இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். ஹிரோஷிமா கார்ப் டீமுக்கும் ஹான்ஷின் டைகர்ஸுக்கும் மேட்ச். கிளம்புகிற சனிக்கிழமை காலையில், "ஆபீஸ்ல அவசர வேலை மாமா. நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று கழன்றுகொண்டான்.

ஹிரோஷிமா டீமின் நிறம் சிவப்பு, ஹான்ஷினின் நிறம் மஞ்சள், எங்கள் ஸீட் சிவப்பு ரசிகர்களின் நட்ட நடுவில் என்ற மூன்று விஷயங்களையும் அவன் சொல்லவே இல்லை. அவன் ஹான்ஷின் ரசிகன். சொல்லாமல் விட்டது மறதியா, விஷமமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மேட்ச் சாயங்காலம்தான். அதனால் காலையில் டிராம் பிடித்து அணுகுண்டு டோமுக்குப் போனேன். படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், அந்த எலும்புக்கூடுக் கட்டடத்தின் எதிரில் நிற்கும்போது பேச்சு வரவில்லை. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த வருட முடிவுக்குள் சுமார் 1,40,000 பேர் செத்துப்போனார்கள். இதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இடத்தைப் பற்றி. இப்போது அது ஒரு பூங்கா. 1957-லிருந்து 2008 வரை அங்கே ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் இருந்தது. இடிந்த டோமுக்கு நேர் எதிரில், ராத்திரி விளக்கு போட்டுக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரு ஊர் கத்திக்கொண்டிருந்திருக்கிறது!

ஏன் அங்கே? எப்படி? பென்ச்சில் உட்கார்ந்து செல்போனில் படிக்க ஆரம்பித்தேன். மத்தியானச் சாப்பாடு மறந்துபோயிற்று. நான் பி.காம். படித்தவன். இந்த டீமின் சரித்திரம் முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகம் சார்!

* * *

ஜப்பானியர்களுக்கு பேஸ்பால் பைத்தியம் ரொம்பப் பழசு. 1934-ல் பேப் ரூத் உள்பட அமெரிக்க நட்சத்திரங்களை யோமியூரி என்கிற பத்திரிகை வரவழைத்தது. அந்தச் சூட்டோடு ஒரு தொழில்முறை டீம் உருவாகி, 1936-ல் ஏழு டீம்களோடு லீக் தொடங்கியது. போர் வந்தது, போனது. 1950-ல் லீக் இரண்டாகப் பிரிந்தது. சென்ட்ரல், பசிஃபிக். அன்றைக்கு ஏற்பட்ட பாகப்பிரிவினை இன்றைக்கும் தொடர்கிறது. இப்போது பக்கத்துக்கு ஆறு டீம்.

ஜப்பானில் டீமின் பெயரிலேயே கம்பெனியின் பெயரும் இருக்கும். ஹான்ஷின் ஒரு ரயில் கம்பெனி. யாகுல்ட் நம் ஊரிலும் கிடைக்கிற அதே குட்டிப் புட்டிப் பானம். டீம் நஷ்டத்தில் ஓடினால் முதலாளி அழமாட்டார். அதை விளம்பரச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று 1954-ல் ஜப்பானிய வரித்துறையே வழி பண்ணிக் கொடுத்துவிட்டது.

1950-ல் சென்ட்ரல் லீகில் சேர்ந்த எட்டு டீம்களில் ஒன்று ஹிரோஷிமா கார்ப். கார்ப் என்றால் கெண்டை மீன். ஹிரோஷிமாக் கோட்டைக்குக் கெண்டைக் கோட்டை என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. நீர்வீழ்ச்சியை எதிர்த்து ஏறுகிற கெண்டை டிராகனாக மாறிவிடும் என்று அங்கே ஒரு கதையும் உண்டு. பெயர்ப் பொருத்தமெல்லாம் பிரமாதம். பொருத்தமில்லாத ஒரே விஷயம் பணம். குண்டு விழுந்து ஐந்து வருடம்கூட நிறையாத ஊரில் எந்தப் பெரிய கம்பெனி முதல் போடும்? மாகாணமும் அக்கம்பக்கத்து ஊர்களும் தருவதாகச் சொன்ன பணம், அரசாங்கப் பணத்துக்கே உரிய வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

முதல் மானேஜர் இஷிமோட்டோ ஷூயிச்சி. உள்ளூர்க்காரர். ஹிரோஷிமா வணிகவியல் பள்ளிக்குப் பயிற்சியாளராக இருந்து, அந்தப் பள்ளியைத் தேசிய சாம்பியன் ஆக்கியவர். (காமர்ஸ் பள்ளி! எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது.) ஆனால் இங்கே அவருக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள், மற்ற டீம்களில் வயசானவர்கள், வேண்டாம் என்று விடப்பட்டவர்கள், புதுசாக வந்த பையன்கள். முதல் சீசனில் 41 வெற்றி, 96 தோல்வி. கடைசி இடம்.

தோற்றால் அவமானம் மட்டுமில்லை, பட்டினியும்தான். அன்றைய விதிப்படி மேட்ச் எந்த ஊரில் நடந்தாலும் டிக்கெட் வசூலில் பெரிய பங்கு ஜெயித்த டீமுக்குத்தான். அதாவது, சொந்த ஊர் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள். எதிரி ஜெயித்துவிட்டு அந்தக் காசை மூட்டை கட்டிக்கொண்டு போவான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் பாக்கி விழுந்தது.

1951 மார்ச்சில், கார்ப் டீமை ஷிமோனோஸெகி ஊரின் தைய்யோ டீமோடு இணைத்துவிடுவது என்ற பேச்சு முற்றியது. இணைப்பு என்பது மரியாதைக்காகச் சொல்வது. கம்பெனி உலகத்தில் திமிங்கிலம் மீனோடு இணைகிற மாதிரிதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தைய்யோ டீமின் பெயரே வேல்ஸ். அதாவது, திமிங்கிலங்கள்!

செய்தி பரவியதும் ஊரே கொதித்தது. இஷிமோட்டோ கடைசி நிமிஷத்தில் குறுக்கே விழுந்தார். 'கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், ஊர் ஊராக ரசிகர் சங்கம் அமைத்துப் பணம் திரட்டுகிறேன்' என்பது அவர் திட்டம். மைதானத்தைப் பெரும்பாலும் உதவியாளரிடம் விட்டுவிட்டு மானேஜர் வசூலுக்குக் கிளம்பினார். உலகத்தில் எந்த டீமின் மானேஜராவது மேட்ச் நேரத்தில் சந்தா வசூலுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மைதான வாசலில் ஒரு பீப்பாய் வைத்தார்கள். சாகே என்கிற அரிசி மது வருமே, அந்த மரப்பீப்பாய். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அதில் காசு போட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் பிள்ளையாக நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஷேர் வாங்கினால் டிவிடெண்ட் வரும். கடன் கொடுத்தால் வட்டி வரும். டிக்கெட் வாங்கினால் மேட்ச் பார்க்கலாம். அந்தப் பீப்பாயில் காசு போட்டால் என்ன வரும்? ஒன்றும் வராது. அடுத்த மேட்ச்சிலும் டீம் தோற்கும், அவ்வளவுதான்.

ஆனாலும் போட்டார்கள். கூரையில்லாத வீட்டுக்காரர்கள் போட்டார்கள்.

1952-ல் விதி மாறியது. சொந்த ஊரில் நடக்கும் மேட்ச்சில், தோற்றாலும் ஜெயித்தாலும், வசூலில் பெரிய பங்கு உள்ளூர் டீமுக்கு. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு கத்தி தொங்கியது. அந்த சீசனில் முப்பது சதவீத வெற்றிகூடப் பெறாத டீம் கலைக்கப்படும்! நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், பாஸ் மார்க் முப்பது. கார்ப் வாங்கிய மார்க் 31.6. 37 வெற்றி, 80 தோல்வி. ஃபெயில் ஆனது ஷோச்சிகு என்கிற டீம். வேல்ஸ் திமிங்கிலத்துக்குக் கடைசியில் இரையானது அதுதான்.

அந்த நாட்களில் டீமைத் தோளில் சுமந்தவர் ஹசெகாவா ரியோஹெய் என்ற குள்ளமான பிட்சர். பிட்சர் என்றால் நம் பௌலர் மாதிரி. ஆயுள் கணக்கு: 197 வெற்றி, 208 தோல்வி. வேறு டீமில் இருந்திருந்தால் அந்த இரண்டாவது எண் பாதியாகியிருக்கும்.

1957-ல் உள்ளூர் கம்பெனிகள் கொடுத்த நன்கொடையில் எழுந்ததுதான், நான் உட்கார்ந்திருந்த பூங்காவில் இருந்த ஸ்டேடியம். 1968-ல் மாஸ்டா கார் தயாரித்த டோயோ கோக்யோ கம்பெனி கைகொடுத்தது. பெயர் ஹிரோஷிமா டோயோ கார்ப் ஆயிற்று. ஆனால் மற்ற கம்பெனிகள் மாதிரி நஷ்டத்தை மூடிக் காப்பாற்றுகிற முதலாளி இல்லை. கார்ப் தன் சோற்றைத் தானே சம்பாதிக்க வேண்டும்.

1972, 73, 74 மூன்று வருடமும் கடைசி இடம். 1975-ல் ஜோ லட்ஸ் என்கிற அமெரிக்கரை மானேஜராகக் கொண்டுவந்தார்கள். அவர் தொப்பியின் நிறத்தைச் சிவப்பாக மாற்றினார். சீசன் தொடங்கிப் பதினைந்தே மேட்ச்சில் கோபித்துக்கொண்டு போய்விட்டார்! ஆனால் சிவப்புத் தொப்பி தங்கிவிட்டது. அந்த அக்டோபரில் டோக்கியோவுக்குப் போய், ஜயண்ட்ஸ் டீமை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்து, லீக் சாம்பியன் ஆனது கார்ப். இருபத்தாறாவது சீசனில் முதல் பட்டம்.

பிறகு 1979, 1980, 1984-ல் ஜப்பான் முழுமைக்கும் சாம்பியன். கினுகாஸா ஸாச்சியோ என்று ஒருவர், 1970-லிருந்து 1987 வரை ஒரு மேட்ச்கூட விடாமல் தொடர்ந்து 2,215 மேட்ச் ஆடினார். இடையில் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் மட்டையோடு வந்து மூன்று பந்துக்கும் முழு வீச்சு வீசிவிட்டு அவுட் ஆனார். காஷுவல் லீவ் மிச்சம் வைக்காத நம் போன்றவர்கள் இந்த மனிதர் பெயரைக் கேட்டாலே கூச்சப்பட வேண்டும்.

* * *

சாயங்காலம் ஸ்டேடியத்துக்கு நடந்தேன். 2009-ல் திறந்த புது ஸ்டேடியம், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடை. வழிநெடுகச் சிவப்பு ஆறு. தாத்தா, பேரன், ஆபீஸ் பேக் மாட்டிய பெண்கள், எல்லாரும் சிவப்பு. நடுவில் மஞ்சளாக நான் ஒருவன், சாம்பாரில் விழுந்த எலுமிச்சம்பழம் போல. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் மரியாதைக்காரர்கள். ஆனால் எல்லாரும் சட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள்.

என் ஸீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. எண்பதைத் தாண்டியிருக்கும். சிவப்புச் சட்டை, சிவப்புத் தொப்பி, மடியில் ஸ்டேடியத்தில் விற்கிற கார்ப் உடோன் நூடுல்ஸ். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். செல்போனை நீட்டினேன். மொழிபெயர்த்துச் சொல்லியது: 'உங்கள் சட்டை எதிரியா?'

சென்னை, கிரிக்கெட், சிங்கம், புலியில்லை என்று போனிடம் சொல்லி விளக்கினேன். பாட்டி யோசித்தார். பையிலிருந்து ஒரு பெரிய சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார். பொன்னாடை! கட்டுரையாளனான எனக்கு ஆயுளில் கிடைத்த முதல் பொன்னாடை அதுதான்.

கார்ப் ஆடும்போது ரசிகர்கள் உட்கார்ந்து பார்ப்பதில்லை. ஒரு பகுதி எழுந்தால் இன்னொரு பகுதி உட்காரும், மாற்றி மாற்றித் தோப்புக்கரணம். பாட்டியும் தன்னால் முடிந்தவரை போட்டார். இடது பக்க இடைவெளியில் புல்லட் ரயில் ஓடுவது தெரிந்தது. இந்த ஸ்டேடியத்துக்காகவும் பீப்பாய் வைத்தார்களாம். 2004-ல், இரண்டு டீம்கள் இணைந்து, ஆட்டக்காரர்கள் சரித்திரத்தில் முதல் தடவையாக ஸ்டிரைக் செய்து, லீகே ஆட்டம் கண்ட அதே வருடத்தில். இந்த முறை சேர்ந்தது 12 கோடி யென்னுக்கு மேல்.

பி.காமில் குட்வில் என்று ஒரு பாடம் உண்டு. கையால் தொட முடியாத சொத்து. லாபத்தை வைத்து அதற்கு விலை போடுவோம். லாபமே இல்லாத வியாபாரத்துக்கு குட்வில் பூஜ்யம் என்று எழுதினால் முழு மார்க். அந்தக் கணக்குப்படி 1951-ல் கார்ப் டீமின் குட்வில் பூஜ்யம். நானும் அப்படித்தான் எழுதிப் பாஸ் பண்ணினேன்.

பாடப்புத்தகம் தப்பு சார். குரோதா ஹிரோக்கி என்கிற பிட்சர் அமெரிக்காவில் ஏழு சீசன் ஆடினார். 2014 முடிவில் அங்கே ஒரு டீம் சுமார் 1.8 கோடி டாலர் தரத் தயார் என்று பத்திரிகைகள் எழுதின. மனிதர் அதை விட்டுவிட்டு, அதில் கால் பங்குகூடத் தேறாத சம்பளத்துக்கு கார்ப் டீமுக்கே திரும்பி வந்தார். 2016-ல், இருபத்தைந்து வருடம் கழித்து டீம் லீக் பட்டம் வாங்கிய மேட்ச்சில் பந்து போட்டு ஜெயித்தவர் அவர்தான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

போனை நீட்டி பாட்டியிடம் கேட்டேன். "பீப்பாயில் காசு போட்டீர்களா?"

"இரண்டு முறையும்" என்றது போன்.

"முதல் முறை எவ்வளவு?"

பாட்டி கொஞ்சம் மெதுவாகப் பேசினார். போன் வரி வரியாகத் தமிழ் பேசியது. 'எவ்வளவு என்று நினைவில்லை. சின்னப் பெண். அன்றும் டீம் தோற்றது. அப்பா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். வாசலில் காசை என் கையில் கொடுத்து, நீ போடு என்றார். பீப்பாய் உயரம். அப்பா என்னைத் தூக்கினார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.'

போன் நின்றுவிட்டது. பாட்டி மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்கும் கார்ப் தோற்றது. கிளம்பும்போது துண்டை மடித்து நீட்டினேன். பாட்டி வாங்கவில்லை. வாசலைக் காட்டி ஏதோ சொன்னார். போன் சொன்னது: 'நாளையும் மேட்ச் இருக்கிறது.'

ராத்திரி ரயிலில் மச்சினன் போன் பண்ணினான். குரலில் அடக்கமுடியாத சிரிப்பு. "என்ன மாமா, யார் ஜெயிச்சாங்க?"

"உங்க டீம்தான்டா. நம்ம டீம் தோத்துப்போச்சு" என்றேன்.