காவலுக்கு விடைகொடுத்தல்

சான் பிரான்சிஸ்கோவில் வார இறுதிகளில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் நண்பர்கள் நாங்கள் மூவர். காய்ச்சுதல் என்றதும் ஊரில் எழும் நமுட்டுச் சிரிப்பை அறிவோம். இங்கே 1978இல் அதிபர் கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம் எங்களுக்குத் துணை. பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகியவற்றைவிட எங்கள் பேச்சில் அதிகம் அடிபடுவது குழாய்நீர்தான். பியரில் பெரும்பங்கு அதுதானே.

இந்நகரின் குடிநீரில் பெரும்பகுதி யோசமிட்டியின் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. குழாய்களில் அது கெடாமலிருக்க, 2004 முதல் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைனைப் பயன்படுத்துகிறார்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்து உண்டாவது அது. குளோரின், நீரைத் திறந்துவைத்தாலோ கொதிக்கவைத்தாலோ பறந்துவிடும். குளோரமைன் அவ்வளவு எளிதில் அகலாது. நெடுந்தொலைவுக் குழாய்களில் அந்தப் பிடிவாதமே அதன் தகுதி. ஆனால் இவற்றில் எது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்தாலும் குளோரோஃபீனால் பிறக்கும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், கோப்பையில் பிளாஸ்திரி வாடை வீசும்.

நீக்கும் வழி எளிது. கரி வடிகட்டியில் நீரை மிக மெதுவாகச் செலுத்தலாம். அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் அடங்கிய கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துக் கலக்கலாம். ஒரு மாத்திரை ஏறத்தாழ 75 லிட்டருக்குப் போதும். எங்கள் 20 லிட்டருக்குக் கால் மாத்திரையும் ஒரு துணுக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். மிஞ்சும் சிறிதளவு அம்மோனியம் ஈஸ்டுக்கு உணவாகிறது.

வேடிக்கை பார்க்க வரும் நண்பர்கள், “விஷத்தை எடுக்கிறீர்களா?” என்பார்கள். எங்களால் அச்சொல்லைச் சொல்ல இயலவில்லை. எங்களில் ஒருவருடைய பாட்டி, பெற்ற பிள்ளைகளில் இருவரை ஒரே வாரத்தில் வாந்திபேதிக்குக் கொடுத்தவர். கடைசிவரை, ஆறவைத்த வெந்நீரைத் தவிர வேறு நீரை அவர் தொட்டதில்லை.

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த பியர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் அதற்குப் பலியாகவில்லை எனப் பதிவுசெய்தார் மருத்துவர் ஜான் ஸ்னோ. அவர்களுக்குக் குடிக்கப் பியர் கிடைத்தது. தெருவின் அடிபம்பை அவர்கள் நாடவில்லை. அன்று நீரிடமிருந்து மனிதரைக் காத்தது பியர். இன்று நீரே காவலோடு வருகிறது. அதனால்தான் உயிருக்கு அஞ்சாமல், ருசிக்காக மட்டும் நாங்கள் பியர் காய்ச்ச முடிகிறது. மாத்திரை கரையும்போது, வாசல்வரை துணைவந்த காவலுக்கு விடைகொடுப்பதாகவே எண்ணிக்கொள்கிறோம்.