சின்னப்பரும் பவுலும்

ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறித்தவ ஒன்றிப்பு வாரம் கொண்டாடப்படுகின்றது. 1908-இல் அமெரிக்காவில் தோன்றிய இவ்வழக்கம், புனித பவுல் மனமாற்ற விழாவன்று நிறைவுறுகின்றது. அச்சரப்பாக்கத்தில் நாம் இவ்வாரத்தை, திருப்பலியில் ஒரு மன்றாட்டைக் கூட்டிச் சொல்லுவதோடு முடித்துவிடுவதில்லை. மாலை வேளைகளில் வீடுகளில் கூடி மறைநூல் வாசிக்கின்றோம். தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களும் வந்து நம்மவரோடு அமர்கின்றன.

அவ்வாறு நாம் சென்ற ஓர் இல்லத்தில் கணவர் தென்னிந்தியத் திருச்சபையார். மனைவி நம் பங்கின் மகள். மணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் இருவரும் சேர்ந்து செபித்ததில்லை. இத்தனைக்கும் மனத்தாங்கல் ஏதுமில்லை. "சாமி, நான் தொடங்கினால் அவருக்கு வார்த்தை வராது, அவர் தொடங்கினால் எனக்கு வராது. அப்படியே விட்டுவிட்டோம்" என்றார் அம்மையார்.

நகைத்து ஒதுக்கத்தக்க காரணமன்று இது. ஒரே ஆண்டவரை வழிபடும் நாம், தமிழில் இரு வேறு அகராதிகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தோம். நம் முன்னோர் 'சர்வேசுரன்' என்றனர். அவர்கள் 'தேவன்' என்றனர். நமக்கு 'இஸ்பிரீத்து சாந்து'. அவர்களுக்குப் 'பரிசுத்த ஆவி'. நமக்குச் சின்னப்பர், இராயப்பர், அருளப்பர். அவர்களுக்குப் பவுல், பேதுரு, யோவான். சின்னப்பரின் திருமடலும் பவுலின் நிருபமும் ஒன்றேயென அறியாத முதியோரை நாம் இரு பக்கத்திலும் கண்டிருக்கின்றோம்.

இவ்வேலியைத் தாண்ட வழி திறந்த இடங்களுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது. நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் திண்டிவனம். அங்கே தமிழக ஆயர்களின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டது. 1968-இல் உரோமையும் விவிலியச் சங்கங்களும் கூட்டு மொழிபெயர்ப்புக்கான நெறிகளை வகுத்தன. அவ்வழியில், இந்திய வேதாகமச் சங்கத்தோடு கைகோத்து, இரு தரப்பு அறிஞரும் ஒரே மேசையில் அமர்ந்து உழைத்ததன் கனியே 1995-இல் வெளிவந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. அதில் நாம் சின்னப்பரை விட்டுப் பவுலை ஏற்றோம். அவர்கள் தேவனை விட்டுக் கடவுளையும், பரிசுத்த ஆவியை விட்டுத் தூய ஆவியையும் ஏற்க இசைந்தனர். நாம் ஏற்கும் இணைத் திருமுறை நூல்கள், இரு ஏற்பாடுகளுக்கும் நடுவே தனிப்பகுதியாயின. வேற்றுமையை எவரும் மூடி மறைக்கவில்லை. பழகிய சொல்லைக் கைவிடுவது எளிதன்று. தாய்மடியில் கற்ற சொல்லாயின் சொல்லவே வேண்டா!

பெரும்பாலான சீர்திருத்த சபையார் இன்றும் 1871-ஆம் ஆண்டின் பழைய மொழிபெயர்ப்பையே போற்றுகின்றனர் என்பதும் உண்மை. இதற்காக நாம் வருந்துவதில்லை. அந்த இல்லத்தில் கண்ட காட்சியே அதற்குக் காரணம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமடலின் தொடக்கத்தை வாசித்தோம். பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி எனச் சபை பிளவுண்டதைத் திருத்தூதர் கடிந்துரைக்கும் பகுதி. மூலையில் அமர்ந்திருந்த கணவரின் தாயார், கண் மங்கியவர், நம் வாசிப்பு நிற்கும் இடமெல்லாம் அடுத்த வசனத்தைத் தம் பழைய நடையில் மனப்பாடமாய்ச் சொல்லிவந்தார். நம் இளைஞர் வாயடைத்துப் போயினர். அவர்கள் வீடுகளில் விவிலியம் பூச்சரம் சூடி மாடத்தில் வீற்றிருப்பது அவர்கட்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவ்வாரத்திற்குப் பின் சில மாடங்கள் காலியாயின. நூல் கைக்கு வந்தது. கணவரோ, வாசகத்திற்குப்பின் நாம் காக்கும் மௌனம் தமக்குப் புதிதென்றும், அதில் செபம் ஊறுவதாகவும் கூறினார்.

ஒன்று தீரவில்லை. ஞாயிறு காலையில் அத்தம்பதியர் தெருமுனையில் பிரிகின்றனர். அவர் ஒரு பந்திக்கு, இவர் ஒரு பந்திக்கு. திருச்சபையின் சட்டம் அவ்வாறிருக்க, நாம் அதை மீறச் சொல்லுவதற்கில்லை. ஆயினும் அப்பிரிவின் வலியைப் பழகிப் போகவிடுதல் ஆகாது என்று அவர்களிடம் சொன்னோம். இரவுச் செபத்தை இப்போது இருவரும் சேர்ந்தே சொல்லுகின்றனர். தாயார் மட்டும் பழைய சொற்களிலேயே சொல்லுகின்றார். எவரும் அவரைத் திருத்துவதில்லை.