சில்ஃப்ராவின் குளிர்நீரும் உலர் அங்கியும்

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் தேசியப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கி.பி. 930இல் அந்நாட்டார் தம் பொதுச்சபையைக் கூட்டிய இடம் அது. அங்கேதான் சில்ஃப்ரா என்னும் நிலப்பிளவு இருக்கிறது. பனிப்பாறை உருகிய நீர், எரிமலைப் பாறைகளினூடே பல்லாண்டுகள் வடிந்து அதில் சேர்கிறது. 100 மீற்றருக்கு அப்பாலுள்ளதும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கோடையிலும் நீரின் வெப்பநிலை 2 முதல் 4 பாகை செல்சியஸ்தான்! தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் களவாடும்.

ஆகவே அங்கு சுழியோடுவோர் நீர் புகாத உலர் அங்கி அணிந்தே இறங்க வேண்டும். ஒருநாள் பயணிக்கு வாடகை அங்கியே போதும். சொந்தமாக வாங்க எண்ணினால் விலை பயமுறுத்தும். பழையதைத் தேடுவதில் தவறில்லை. கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள இறப்பர் பட்டிகள் வெடித்திருந்தாலும் மாற்றிவிடலாம். சிப்பைத்தான் நன்றாகப் பாருங்கள். அது கெட்டால் செலவு பெரிது. சந்தேகமானால் அங்கியில் காற்றடைத்துச் சவர்க்கார நீர் தடவுங்கள். சைக்கிள் டியூபைப் போலவே, ஓட்டையைக் குமிழி காட்டிக்கொடுக்கும்.

நியோப்ரீன் அங்கி தானே ஓரளவு சூடு தரும்; ஆனால் பாரம், காயவும் நேரமெடுக்கும். மெல்லிய மூவடுக்குத் துணி அங்கி நீரைத் தடுக்குமே தவிரக் குளிரைத் தடுக்காது. உள்ளே கம்பளி வேண்டும். பருத்தி கூடவே கூடாது, வியர்வையில் ஊறிக் கிடக்கும். அந்தக் கம்பளியை அணிந்துகொண்டே அளவு பாருங்கள். குந்தியிருக்க முடிகிறதா, கைகளைத் தலைக்குமேல் தூக்க முடிகிறதா?

மிச்சம் பிடித்த காசைப் பயிற்சிக்குக் கொடுங்கள். மேலெழும்போது அங்கிக்குள் இருக்கும் காற்று விரியும். வால்வைத் திறந்து அதை வெளியேற்றாவிட்டால் ஆளையே பந்துபோல் தூக்கிவிடும். அப்படி விரைந்து எழுவது உயிராபத்து. அதனால்தான் சில்ஃப்ராவில் சுழியோட வருவோரிடம் உலர் அங்கிப் பயிற்சிச் சான்றோ முன்அனுபவமோ கேட்கிறார்கள்.