ஐந்து நிமிடக் கதை போதும்

இரண்டாம் ஆண்டை முடிக்கும்போதும் எழுத்துக் கூட்டித் தடுமாறும் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் இருக்கத்தான் செய்கிறார்கள். பாடாங் செராய், பீடோங் பக்கத்துத் தோட்டப் பள்ளியானாலும் சரி, சுங்கைப்பட்டாணி நகரப் பள்ளியானாலும் சரி, ஆசிரியர்களுக்கு இது தெரிந்த கதைதான்.

இவர்கள் மக்குப் பிள்ளைகள் அல்லர். பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டுப் பாடத்தை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு வரியின்மேல் விரலை ஓட்டி ஒப்பித்துவிடுவார்கள். வேறொரு பக்கத்தைத் திருப்பினால்தான் உண்மை தெரியும். இப்படியே நாள் போனால், “எனக்கு வாசிக்க வராது” என்று பிள்ளையே முடிவு கட்டிவிடும். நான் அஞ்சுவது அந்த முடிவுக்குத்தான்.

தமிழில் எழுத்துகள் 247. எண்ணிக்கை மட்டும் சிக்கல் அல்ல. ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு முதலில் கண்ணில் படும். அதன் ஒலியோ பின்னால் வரும். ‘கொ’ என்றால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வீட்டில் “தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று பேசும் பிள்ளை, புத்தகத்தில் “தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்” என்பதைப் பார்க்கிறது. காதில் விழாத சொல்லைக் கண் எப்படிப் பிடிக்கும்?

அதனால்தான் பயிற்சித்தாளுக்கு முன்னால் கதையை வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறேன். புத்தகத் தமிழ் முதலில் காதுக்குப் பழகட்டும். ஒருமுறை கேட்டால் போதாது. மூன்று நான்கு நாள் அதே கதையைக் கேட்க வேண்டும். கதை குட்டையாக இருந்தால்தான் அது நடக்கும்.

புத்தகம் எடுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஒதுக்கிவிடுவேன். பக்கத்திற்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும். ‘ஓடிக்கொண்டிருந்ததனால்’ போன்ற நீண்ட சொற்கள் அதிகம் இருக்கக்கூடாது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் மிக நல்லது. இரண்டாம் நாளே வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும். கடைசிப் பக்கத்தில் அறிவுரை இருப்பதைவிடச் சிரிப்பு இருந்தால் மறுநாளும் கேட்பார்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பையனிடம் பாலர்பள்ளிப் புத்தகத்தை நீட்டினால் அவனுக்கு வெட்கம். ஒருவன் அப்படித்தான் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றான். பாம்பு பற்றிய சிறு கதையை எடுத்தேன். செம்பனைக் காட்டில் தன் தாத்தா பாம்பு பார்த்த கதையை அவன் சொல்லத் தொடங்கிவிட்டான். நான்காம் நாள் முதல் இரண்டு பக்கங்களை அவனே வாசித்தான், மனப்பாடம் பாதி, எழுத்து பாதியாக. அந்தப் பாதி எழுத்துதான் தொடக்கம்.

“இத்தனை புத்தகத்திற்குப் பணம்?” என்று கேட்கலாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பதிவிறக்கி அச்சிடலாம், அதற்கு அனுமதியும் உண்டு. கதையில் ஆட்டோ, ரூபாய் என்று வந்தால் ஒரு வரி விளக்கினால் போதும்.

வாசித்து முடித்ததும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி வந்தால் கதை பாடமாகிவிடும். மாறாக, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, “தம்பிக்கு வாசித்துக் காட்டு” என்பேன். தம்பி முன்னால் தடுமாறினால் யாரும் சிரிக்கப்போவதில்லை.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வேலை முடிந்து வந்த களைப்பு இருக்கும், தெரியும். இரவில் ஐந்து நிமிடம், ஒரு குட்டிக் கதை. எழுத்தைத் திருத்த வேண்டாம். நீங்கள் வாசியுங்கள், பிள்ளை கேட்கட்டும். “இன்னொரு தடவை” என்று கேட்டால், சலிக்காமல் இன்னொரு தடவை வாசியுங்கள்.