ரயில் கூட்டத்தில் நமக்கு என்ன வேலை?

எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். இரண்டுமே ஏறத்தாழ 30 கிலோ மீட்டர். ஆனாலும் ரயிலை நம்பியிருக்கிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. வேலைக்குப் போகிற பெண்கள், காலேஜ் பெண்கள், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கைக்குழந்தையோடு போகிற தாய்மார்கள் என்று தினமும் யாராவது புறப்பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பல வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். பயணிகள் சங்கத்திலும் இருக்கிறார். வெளி மாநிலச் சங்கத்தாரையும் வரவழைத்து, காஞ்சிபுரத்தில் ஒரு நாள் கூட்டம் நடத்துவது என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். நிகழ்ச்சி நிரலை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். கூடுதல் ரயில், இரட்டைப் பாதை, நேரம் தவறாமை எல்லாம் இருந்தது. கடைசி வரியில், "சாப்பாடு: மகளிர்" என்று போட்டிருந்தது.

"ஏங்க, சாப்பாடு நாங்க பாத்துக்கறோம். ஆனா பேசறதுக்கும் எங்களுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்க" என்றேன்.

"நீங்க என்ன பேசப் போறீங்க?" என்று சிரித்தார்.

சொல்ல விஷயம் இருந்தது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை சுமார் 60 கிலோ மீட்டர். மின்சார ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்தப் பெட்டிகளில் கழிவறை கிடையாது. எங்கள் ஊரிலிருந்து வரும் பஸ் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். வழியில் இறங்கிப் போகலாம் என்றால், நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு ஸ்டேஷனில் பெண்கள் கழிவறைக்கு எப்போதும் பூட்டு!

பஸ்ஸில் வரும் பெண்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தேன். பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "காலைல தண்ணியே குடிக்கறதில்ல அக்கா. காபி கூட அரை டம்ளர்தான்." பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருக்கும்போதும் இப்படித்தான் போய் வந்தாளாம். நீர்க்கடுப்பும் ஜுரமுமாக அவள் படுத்தபோது டாக்டர் அம்மா நன்றாகக் கண்டித்தாராம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், வந்ததை அடக்குவதும் நீர்ப்பாதையில் கிருமி சேர வழி செய்யும். பெண்களுக்கு அந்தப் பாதை நீளம் குறைவு என்பதால் கிருமி சுலபமாக ஏறிவிடும். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோய் உள்ளவர்களும் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதைச் சபையில் சொல்ல வெட்கமா? எனக்கு தைரியம் தந்தது ஒரு பழைய கடிதம்தான். 1909-ல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, வழி ஸ்டேஷனில் ஒதுங்கப் போனார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து, எல்லோர் முன்னும் மானம் போனதாக ரயில்வே அதிகாரிக்கு எழுதினார். அதன் பிறகே ரயிலில் கீழ் வகுப்புக்கும் கழிவறை வந்தது என்று சொல்வார்கள். டெல்லி ரயில் மியூசியத்தில் அந்தக் கடிதம் இருக்கிறது. காந்திஜியும் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்கே இருந்த அசுத்தத்தைப் பற்றி 1917-ல் எழுதினார். அவர்கள் எழுதலாம் என்றால் நாம் பேசக் கூடாதா?

கூட்ட ஏற்பாட்டைக் கல்யாண வேலை மாதிரி பிரித்துக்கொண்டோம். வருகிறவர்களின் ரயில் நேரத்தைப் பார்த்து, கடைசி விருந்தாளி வந்த பிறகே கூட்டம் தொடங்குவது என்று வைத்தோம். முடிவதும் எங்கள் ஊர்க் கடைசி பஸ்ஸுக்கு முன்பாக. இந்தி தெரிந்த டீச்சர் ஒருவரை மொழிபெயர்க்க உட்கார வைத்தோம். திரும்புகிறவர்கள் கையில் மிளகு, சீரகம், சுக்கு போட்ட காஞ்சிபுரம் இட்லிப் பொட்டலம். இரவு ரயிலிலும் கெடாது.

மும்பையிலிருந்து வந்த அம்மாள், அங்கே 1992-ல் சர்ச்கேட் - போரிவலி இடையே விட்ட மகளிர் ஸ்பெஷல் ரயிலைப் பற்றிச் சொன்னார். ஒருவர் அமெரிக்காவைப் பற்றிப் பேசினார். அங்கே 1967-ல் தொடங்கிய பயணிகள் சங்கத்தார் வாஷிங்டனில் கூடி, அவரவர் தொகுதி மெம்பரை நேரில் பார்த்துக் கோரிக்கை கொடுக்கிறார்களாம். அதே முறையில் நாங்களும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தாள் எழுதினோம். ஒரு தாளில் ஒரே கோரிக்கை. அவரவர் எம்.பி.க்கு ஒன்று, ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு ஒன்று.

எங்கள் கால் மணி நேரம் முக்கால் மணி ஆயிற்று. ஆண்களில் பலர், "எங்க வீட்டிலேயும் இந்தக் கஷ்டம் உண்டுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்கள்.

வரவு செலவுக் கணக்கை அன்று இரவே எழுதி ஒட்டினோம். பத்தாம் நூற்றாண்டிலேயே குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிய ஊர் எங்கள் ஊர். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு நிற்க முடியாது என்று அந்தக் கல்வெட்டில் இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு கணக்கை மூட முடியுமா?

நான் சொன்ன ஸ்டேஷனில் இப்போது பூட்டு இல்லை. சாவியும் துடைப்பமும் ஒரு அம்மாளின் பொறுப்பில் இருக்கின்றன. ரயில் பெட்டியில் கழிவறை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கான தாள் போய்க்கொண்டே இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் ஊர்ப் பயணிகள் சங்கத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். கோட்டத்திலும் மண்டலத்திலும் ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் கமிட்டிகள் உண்டு. அவற்றில் பெண்களைச் சேர்க்கும்படி கேளுங்கள். ஸ்டேஷனில் குறை இருந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் 139-க்கு போன் செய்யுங்கள். தாகத்தை அடக்கிக்கொண்டு பிரயாணம் செய்வது பொறுமை அல்ல. உடம்புக்கு நாமே இழைக்கிற தீங்கு.