சூத்திரம் பேசும் ஊர்

அமெரிக்காவின் டென்வரில் இறங்கி போல்டருக்குப் போகும் வழியெல்லாம் மேற்கே மலைதான் கண்ணை நிறைக்கிறது. ராக்கி மலைத்தொடரின் அடிவாரம். ஊருக்குப் பின்னால் ஃபிளாட்அயர்ன்ஸ் என்ற செம்பாறைகள், சுவரில் சாய்த்துவைத்த இஸ்திரிப் பெட்டிகளைப் போல வரிசையாக நிற்கின்றன. ஊரின் உயரம் சுமார் 1,655 மீட்டர், நம் ஏற்காட்டைவிட அதிகம். தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குளிர்காலக் காற்றில் பேருக்குக்கூட ஈரம் இல்லை. சென்னைப் புழுக்கத்தில் வளர்ந்த எனக்கு உதடு வெடித்தது. கார்ப்பெட்டில் நாலடி நடந்துபோய் கதவுப் பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுரீரென்று ஷாக் அடித்தது.

"புதுசா வர்ற எல்லாருக்கும் இதே கதைதான் சித்தி" என்று சிரித்தாள் அக்கா மகள். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி ஆசிரியை அவள். "இந்த ஷாக்கைத்தான் இப்போ எங்க பசங்க படிக்கிறாங்க. வந்து பாருங்க."

பள்ளிக்கு முன்பாகப் பல்கலைக்கழகத்தைக் காட்ட அழைத்துப் போனாள். மணற்கல் சுவரும் சிவப்பு ஓடுமாக நிற்கும் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம். 1995இல் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் இங்கேதான் ருபிடியம் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிரவைத்து, போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்ற பொருள்நிலையை முதன்முதலாக உண்டாக்கினார்கள். நம் சத்யேந்திரநாத் போஸ் 1924இல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த கணிப்பு அது. 2001இல் நோபல் பரிசு வந்தது. அதன்பின் வீமனின் கவனம் வகுப்பறைப் பக்கம் திரும்பியது. இயற்பியல் ஏன் இத்தனை பேருக்குப் புரியாமல் போகிறது என்ற கேள்வியோடு 2002இல் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். திரையில் தொட்டு, இழுத்து, மாற்றிப் பார்க்கும் அறிவியல் சிமுலேஷன்கள். யாருக்கும் கட்டணம் கிடையாது.

மறுநாள் எட்டாம் வகுப்பு. மேசைக்கு ஒரு மடிக்கணினி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று அக்கா மகள் முன்பே சொல்லியிருந்தாள். காதில் இயர்போன், கையில் ரீடர் பென். அச்சிட்ட வரியின்மேல் அந்தப் பேனாவை ஓட்டினால் அது வரியைக் காதுக்குள் படித்துச் சொல்கிறது. திரையில் 'ஜான் டிராவோல்டேஜ்' என்ற ஃபெட் சிமுலேஷன். ஹாலிவுட் நடிகர் ஜான் டிராவோல்டாவின் பெயரை மின்னழுத்தத்தோடு கோத்த குறும்பு. கார்ப்பெட்டில் ஒரு மனிதன் நிற்கிறான். காலைத் தேய்க்கத் தேய்க்க நீல எலக்ட்ரான்கள் உடம்பில் ஏறிக் குவிகின்றன, கூடவே ஒலியும் எழுகிறது. கையைக் கதவுப் பிடி அருகே கொண்டுபோனால் படீர்! திரையில் படிக்க வேண்டிய வாசகம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

என் விரலுக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அந்தப் பையன் உற்சாகமாகி, கையைத் தூரத்தில் வைத்துக் காலைத் தேய்த்தான், பிறகு அருகில் வைத்துத் தேய்த்தான். "பாருங்க, தூரம் அதிகமானா நிறைய எலக்ட்ரான் சேர்ந்தப்புறம்தான் பாயுது" என்றான். பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைப் படிக்க அவனுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும் என்றால் நம்பவே முடியாது.

எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளை அறிவியல் எத்தனை விதமாகக் காலை வாருகிறது என்பதை அன்று மதியம் அக்கா மகள் எடுத்துக் காட்டினாள். ஆங்கிலத்தில் சி பெரிய எழுத்து, ஓ சிறிய எழுத்து என்றால் கோபால்ட் உலோகம். இரண்டுமே பெரிய எழுத்தென்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. உயிரணுப் பிரிவின் இரு வகைகளான மைட்டாசிஸும் மியாசிஸும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். எண்களில் குழம்பும் பிள்ளைக்கு 0.5க்கும் 0.05க்கும் நடுவே உள்ள பத்து மடங்கு கண்ணிலேயே படாது. கவனம் சிதறும் பிள்ளைக்கு ஆய்வகக் குறிப்பின் ஐந்தாவது படி வருவதற்குள் இரண்டாவது மறந்துபோகும். அவர்களுக்காகப் படிக்கு ஒரு படமாக அட்டைகள் அடுக்கிவைத்திருந்தாள். எழுதவே சிரமப்படுபவர்கள் சோதனைக் குறிப்பை வாயால் சொல்ல, கணினி தட்டச்சு செய்கிறது.

என்னை அசரவைத்தது சூத்திரத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள். 'ஏ கூட்டல் பி வகுத்தல் சி' என்று காதால் கேட்டால், சி எதை வகுக்கிறது? பி-யை மட்டுமா, இரண்டின் கூட்டுத்தொகையையா? மென்பொருள் அந்த இடத்தில் 'பின்னம் தொடக்கம்', 'பின்னம் முடிவு' என்று எல்லை கட்டிச் சொல்கிறது. ஆனால் சூத்திரத்தைப் படமாக ஒட்டியிருந்தால் அது வாயே திறப்பதில்லை. மேத்எம்எல் என்ற குறிமொழியில் எழுதியிருந்தால்தான் கணினிக்கு அது கணிதம் என்று தெரியும். 1998இலேயே வந்துவிட்ட குறிமொழி அது. ஒரு பிள்ளைக்குப் பாடம் கேட்பதும் கேட்காததும், பக்கத்தைத் தயாரித்தவர் சூத்திரத்தை எழுதினாரா, படமெடுத்து ஒட்டினாரா என்பதில் இருக்கிறது.

கடைசி வகுப்பில் ஓம் விதி. திரையில் 'வி = ஐ ஆர்' என்ற சூத்திரமே பெரிதாக நிற்கிறது. ஆரம்பத்தில் 4.5 வோல்ட், 500 ஓம், 9 மில்லிஆம்பியர். மின்தடையைக் குறைத்தால் 'ஆர்' என்ற எழுத்து சுருங்க, மின்னோட்டத்தைக் குறிக்கும் 'ஐ' திரையை அடைத்துக்கொண்டு வளர்கிறது. தலைகீழ் விகிதத்தை நான் மனப்பாடம் செய்துதான் தேறினேன். இங்கே அது கண்முன் நடக்கிறது. இழுப்பதற்கு முன் ஆசிரியர் ஒரு கேள்வி போட்டார்: மின்னழுத்தம், மின்தடை இரண்டையும் இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் என்ன ஆகும்? ஜன்னலோரப் பையன் முந்திக்கொண்டு "நாலு மடங்கு" என்றான். வகுப்பில் பாதிக் கை அவனோடுதான் உயர்ந்தது. இழுத்துப் பார்த்தார்கள். மாறவே இல்லை. அறை முழுக்கக் கூச்சல்.

அக்கா மகளின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "போன வருஷம் கேள்வியையே தப்பாப் படிச்சு விடையைத் தப்பா எழுதுவான். இன்னைக்கு இயற்பியல்ல தப்புப் பண்ணியிருக்கான் சித்தி, எல்லாரையும் மாதிரி!"

கருவிகள் செய்யும் காரியம் இவ்வளவுதான். அறிவியலின் கடினத்தை அவை குறைப்பதில்லை. எழுத்து என்ற முட்டுக்கட்டையை விலக்கி, மற்றவர்கள் திணறும் அதே இடத்துக்கு இந்தப் பிள்ளையையும் கொண்டுவந்து விடுகின்றன. திணறுவது அதற்குப் பிறகு அவனுடைய உரிமை.

அமெரிக்காவில் இதற்கு 1975இலிருந்தே சட்டத் துணை உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதி, என்னென்ன உதவி தேவை என்று பெற்றோரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்டுப் பெறலாம். ஆனால் பாடமே காதில் ஏறாத பிள்ளைக்குத் தேர்வறையில் ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுத்து என்ன பயன்? நான் போல்டரில் பார்த்தவற்றில் ரீடர் பென் விலை அதிகம்தான். சிமுலேஷன்களுக்கோ காசு வேண்டாம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம்கூட வேண்டாம். அவற்றில் பல ஏற்கெனவே தமிழிலும் கிடைக்கின்றன. இனி பள்ளியின் கணினி அறைப் பூட்டைத் திறந்தால் போதும்.